உருவம் ஒன்று, நோய் பல

வெளுத்ததெல்லாம் பாலன்று என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் பொருள்கள் இயல்பால் வேறுபட்டிருத்தல் கூடும் என்பதை அஃது எடுத்துரைக்கின்றது. அன்றாட வாழ்விலே இவ்வுண்மையை மறந்தவன் சிறிது ஏமாற்றம் அடைகிறான், அவ்வளவே. வைத்தியத் துறையிலோ, இதனை மறப்பதால் வரும் தீங்கு நோயாளியின் உயிரையே சாரும். குழந்தைகளின் மூளையிலே அரிதாகத் தோன்றும் முளையக் கட்டிகளைப் பற்றிய நூறாண்டு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாறு ஒருவகையிற் பெயர்களின் வரலாறே. உருவத்தைக் கண்டு இட்ட பெயர்கள் எங்ஙனம் வழங்கின, பரம்பரையலகு பற்றிய அறிவு வளர்ந்ததும் அவற்றுட் சில எங்ஙனம் நீங்கின என்பதை அறிவது பயனுடைத்து.

முளையம் என்பது தாயின் கருப்பையில் உருப்பெறத் தொடங்கிய இளங்கரு. அதன் மூளையாக அமையவிருக்கும் பகுதியிலே எண்ணற்ற இளங்கலங்கள் விரைந்து பெருகுகின்றன. உரிய காலம் வந்ததும் அவை பெருக்கத்தை நிறுத்தி, நரம்புக் கலமாகவோ, நரம்பைத் தாங்கும் கலமாகவோ முதிர்ச்சியடைகின்றன. எங்கோ ஒரு கலம் மட்டும் அக்கட்டளைக்குக் கீழ்ப்படியாது, முதிராமலே பெருகிக்கொண்டிருக்குமாயின் அதன் சந்ததி கட்டியாகின்றது. முளையத்திற் காணப்படும் முதிராக் கலங்களை ஒத்த கலங்களால் ஆகியமையின் இவை முளையக் கட்டிகள் எனப்படுகின்றன. இவை பெரும்பாலும் குழந்தைகளையும் சிறுவர்களையுமே பற்றுகின்றன. காலைநேரத் தலைவலி, வாந்தி, தள்ளாடும் நடை என்பன இவற்றின் வழக்கமான அறிகுறிகள்.

இக்கட்டிகளுக்கு ஒழுங்கான பெயரிடும் முயற்சி அமெரிக்காவிலே, பொஸ்டன் நகரத்துப் பீற்றர் பென்ற் பிரிகம் வைத்தியசாலையில் நிகழ்ந்தது. அங்கே மூளைச் சத்திரசிகிச்சையின் முன்னோடியாகிய ஹாவி குஷிங் பணியாற்றினார். தாம் அகற்றிய ஒவ்வொரு கட்டியையும் பாதுகாத்து, நோயாளியின் பிற்கால நிலையையும் விடாது விசாரித்துக் குறித்துவைப்பது அவர் வழக்கம். அவரோடு சேர்ந்து உழைத்த பேர்சிவல் பெய்லி என்பவர் அக்கட்டிகளை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தார். குழந்தைகளின் சிறுமூளை நடுவிலே தோன்றும் ஒருவகைக் கட்டியை இவ்விருவரும் 1925 ஆம் ஆண்டில் விவரித்து, அதற்கு மெடுலோபிளாஸ்டோமா என்று பெயரிட்டனர். முளையத்தின் மூளையில் மெடுலோபிளாஸ்ட் என்னும் ஒரு மூலக்கலம் இருத்தல் வேண்டுமெனவும், அதிலிருந்தே இக்கட்டி பிறக்கின்றதெனவும் அவர்கள் கருதினர். அவர்கள் கருதிய அக்கலத்தை இன்றுவரை எவரும் கண்டாரில்லை. ஆயினும் அதன் பெயரால் அமைந்த நோய்ப்பெயர் நிலைத்துவிட்டது.

1930 இல் குஷிங் தமது அனுபவத்தை வெளியிட்டார். 61 நோயாளரைப் பற்றிய அக்கணக்கிலே மூன்று ஆண்டுகள் உயிர்வாழ்ந்தவர் ஒருவரே. கட்டியை எவ்வளவு திறமையாக வெட்டியெடுத்தாலும் அது மீண்டும் தோன்றியது. காரணம் யாதெனில், மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்து ஓடும் நீரிலே கட்டியின் கலங்கள் மிதந்துசென்று தொலைவிலும் வேரூன்றின. கத்தி எட்டாத இடத்திற்குக் கதிர் எட்டும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரிலே கதிர்வீச்சுச் சிகிச்சை நிபுணராக விளங்கிய ஈடித் பற்றர்சன் அம்மையார், ஃபார் என்பவரோடு சேர்ந்து, 1953 இல் ஒரு முடிவை வெளியிட்டார். மூளை முழுவதற்கும் முண்ணாண் முழுவதற்கும் ஒருங்கே கதிர் பாய்ச்சும் முறையைக் கையாண்டதாலே, அவரிடம் சிகிச்சை பெற்றவருட் பாதிக்கு மேற்பட்டோர் மூன்று ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தனர். ஏறக்குறைய எல்லாரும் மாண்ட ஒரு நோயில் இது பெரும் வெற்றியே.

ஆயினும் அவ்வெற்றியோடு ஒரு துயரமும் கலந்திருந்தது. வளரும் மூளைமீது பாய்ந்த கதிர், கட்டியை அழித்ததோடு நில்லாது, குழந்தையின் கற்கும் ஆற்றலையும் உடல் வளர்ச்சியையும் குன்றச் செய்தது. சிகிச்சை பெற்ற குழந்தையின் வயது எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குப் பாதிப்பு அதிகமாயிற்று. ஆகவே, எந்தக் குழந்தைக்கு எவ்வளவு சிகிச்சை தேவை என்பது உயிர்நிலையான வினாவாயிற்று. அவ்வினாவிற்கு விடைகாணவேண்டின், நோய் இன்னதென்று திட்டமாக அறிதல் வேண்டும். அறிவதற்கு அக்காலத்தில் இருந்த கருவி நுணுக்குக்காட்டி ஒன்றே.

நுணுக்குக்காட்டியிலே தெரிந்த காட்சியோ பிரித்தறிய உதவவில்லை. சிறிய, உருண்டையான, சாயமேற்றினால் நீலநிறம் பெறும் கலங்கள் நெருங்கிக் கிடப்பதே காட்சி. சிறுமூளைக் கட்டியிலும் இதே தோற்றம். பெருமூளைக் கட்டியிலும் இதே தோற்றம். 1973 இல் ஹார்ட், ஏர்ல் என்னும் இரு அறிஞர் சிறுவர்களின் மூளையில் உண்டாகும் இத்தகைய முதிராக் கட்டிகளுக்கு ஆதிநரம்புப் புறப்படைக் கட்டி என்று பொருள்படும் ஒரு பெயரைச் சூட்டினர். நீண்ட அப்பெயர் சுருங்கிப் பி.என்.ஈ.டி. என வழங்கலாயிற்று. பத்தாண்டுகளின் பின், 1983 இல், பிலடெல்பியாவின் நோயியல் நிபுணர் லூசி றோர்க் அம்மையார் இதனை மேலும் விரித்தார். கட்டி மூளையின் எப்பகுதியில் தோன்றினாலும் கலங்கள் ஒரே தன்மையினவாயிருத்தலின், மெடுலோபிளாஸ்டோமா உட்பட யாவற்றையும் இவ்வொரு பெயரின்கீழ்க் கொணர்தல் தகும் என்பது அவர் கருத்து. ரூபின்ஸ்டைன் முதலானோர் இதனை மறுத்தனர். இரு தரப்பாரும் நேர்மையாகவே வாதாடினர். ஆனால், வழக்கைத் தீர்க்கவல்ல சாட்சி அப்பொழுது இருக்கவில்லை.

அச்சாட்சி வெளிவருவதற்கான வழி, மூளை ஆராய்ச்சிக்குத் தொடர்பற்றவை போலத் தோன்றிய இரு இடங்களில் முன்னரே திறந்திருந்தது. ஒன்று குடும்ப வரலாறு. கனடாவின் வைத்தியர் டூர்க்கோ 1959 இல் ஒரு சகோதரனையும் சகோதரியையும் பற்றி எழுதினார். இருவருக்கும் பெருங்குடலில் எண்ணற்ற சிறு தசைமொட்டுக்கள் தோன்றியிருந்தன. இருவரும் நரம்புத் தொகுதிக் கட்டியால் இறந்தனர். சகோதரனுக்கு ஏற்பட்டது மெடுலோபிளாஸ்டோமா. அடுத்த ஆண்டில், அதாவது 1960 இல், கோர்லின், கோல்ற்ஸ் என்னும் இருவர் வேறொரு பரம்பரைநோயை விவரித்தனர். தோலிற் பல புற்றுக்களும் தாடையெலும்பில் நீர்ப்பைகளும் உண்டாகும் அக்குடும்பங்களிலும் சில குழந்தைகளுக்கு மெடுலோபிளாஸ்டோமா வருவது பின்னர் தெரியவந்தது. குடலோடு தொடர்புடைய கட்டியும் தோலோடு தொடர்புடைய கட்டியும் ஒரே பெயரைத் தாங்கி நின்றன.

மற்றைய இடம் பழ ஈக்களை வளர்த்த ஓர் ஆய்வுகூடம். ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரிலே கிறிஸ்டியானே நியூஸ்லைன்-வோல்ஹாட் அம்மையாரும் எரிக் வீஷாவுஸ் என்பவரும், ஈயின் முளையம் எங்ஙனம் துண்டு துண்டாக வகுக்கப்பட்டு உருப்பெறுகின்றதென ஆராய்ந்து, 1980 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு பரம்பரையலகு பழுதுற்றால் ஈயின் புழு உடலெங்கும் முள்ளடர்ந்து தோன்றியது. ஆகவே அவ்வலகு முள்ளெலி எனப் பெயர்பெற்றது. இவ்வாராய்ச்சிக்காக அவ்விருவரும் எட்வேர்ட் லூயிஸ் என்பவரோடு 1995 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். முள்ளெலி அலகு மனிதரிலும் உண்டு. சிறுமூளையின் இளங்கலங்களைப் பெருகுமாறு ஏவுவது அதன் தொழில்களுள் ஒன்று. அவ்வேவலை அடக்கிவைக்கும் பாட்ச்டு என்னும் பரம்பரையலகே கோர்லின் கண்ட குடும்பங்களிற் பழுதுற்றிருக்கின்றதென்பது 1996 இல் நிறுவப்பட்டது. மறுஆண்டிலே, குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் இல்லாத சில சிறுவரின் கட்டிகளிலும் அதே பழுது காணப்பட்டது.

டூர்க்கோ விவரித்தவை போன்ற குடும்பங்களின் மர்மமும் இவ்வாறே தெளிந்தது. அவற்றுட் பலவற்றில் ஏ.பி.சி. என்னும் பரம்பரையலகு விகாரமுற்றிருத்தல் 1995 இல் அறிவிக்கப்பட்டது. அது தொடர்புடைய ஏவல் வழி விண்ட் எனப்படும். அப்பெயரின் ஒரு பாதியும் பழ ஈயிலிருந்தே வந்தது. சிறகற்றுப் பிறக்கும் ஓர் ஈயின் பெயரைத் தழுவியது அது. இங்ஙனம், ஒரே பெயரால் அழைக்கப்பட்ட கட்டிகளுள் ஒருவகை முள்ளெலி வழியிலும், இன்னொருவகை விண்ட் வழியிலும் பிறப்பன என்பது தெளிவாயிற்று.

இதற்கிடையில் லூசி றோர்க் அம்மையாரே தாம் ஒன்றுசேர்த்த தொகுதியிலிருந்து ஒரு நோயைப் பிரித்தெடுத்துக் காட்டினார். மிக இளங்குழந்தைகளைப் பற்றி, வழக்கமான சிகிச்சைக்குச் சிறிதும் அடங்காத ஒரு கட்டியை அவரும் உடன் பணியாற்றியோரும் 1996 இல் தனி நோயாக வரையறுத்தனர். அதில் 22 ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி இழக்கப்பட்டிருப்பது முன்னரே கவனிக்கப்பட்டிருந்தது. அப்பகுதியில் அமைந்த ஐ.என்.ஐ.1 என்னும் பரம்பரையலகின் இழப்பே நோய்க்கு மூலம் என்பதை 1998 இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கண்டனர். அவ்வலகு ஆக்கும் புரதம் கட்டியில் உண்டோ இல்லையோ என்பதைச் சாயமேற்றிக் காட்டும் எளிய சோதனை 2004 இற்குள் கைவந்தது. அதுவரை நிபுணர்களையும் மயக்கிய ஒரு வேறுபாட்டைச் சாயம் பிடிக்காத கலங்கள் புலப்படுத்தின.

2002 இல் வழக்குக்குரிய பெருஞ்சாட்சி வந்தது. பொஸ்டனைச் சேர்ந்த ஸ்கொட் பொமரோய் முதலியோர் 99 நோயாளரின் முளையக் கட்டிகளை எடுத்து, ஆயிரக்கணக்கான பரம்பரையலகுகளுள் எவையெவை தொழிற்படுகின்றன, எவையெவை உறங்குகின்றன என்பதை ஒருங்கே அளந்தனர். மெடுலோபிளாஸ்டோமா ஒரு குழுவாகவும், பெருமூளைக் கட்டிகள் வேறாகவும், றோர்க் பிரித்தறிந்த கட்டி பிறிதொன்றாகவும் தனித்தனியே நின்றன. யாவும் ஒன்றே என்ற கருத்து இதனால் தளர்ந்தது. எட்டாண்டுகளின் பின், 2010 இல், பல நாட்டு அறிஞர்கள் பொஸ்டனிற் கூடி, மெடுலோபிளாஸ்டோமா என்பதே குறைந்தது நான்கு நோய்களின் பொதுப்பெயர் என உடன்பட்டனர். விண்ட் வகை, முள்ளெலி வகை, மூன்றாம் வகை, நான்காம் வகை என அவை குறிக்கப்பட்டன. மூன்றாம் வகைக் கட்டிகள் சிலவற்றில் மிக் என்னும் பரம்பரையலகு பன்மடங்கு பெருகியிருக்கும். அக்குழந்தைகளின் நிலை மிகக் கவலைக்குரியது. நான்காம் வகையிற் பெரும்பாலும் 17 ஆம் நிறமூர்த்தம் உருமாறியிருக்கும்.

உருவம் ஒன்றாயிருக்க நோய் பலவானமை ஒருபுறமிருக்க, உருவம் பலவாயிருக்க நோய் ஒன்றானமையும் நிகழ்ந்தது. மெடுலோஎபிதீலியோமா, எபென்டைமோபிளாஸ்டோமா என்னும் இரு பெயர்கள் குஷிங், பெய்லி காலத்தன. இவற்றோடு, நரம்பிழைகள் செறிந்து நடுவே கலங்கள் வளையமாக அடுக்குற்றிருக்கும் இன்னொரு கட்டி 2000 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. மூன்றும் நுணுக்குக்காட்டியில் வெவ்வேறாகத் தோன்றின. 2009 இல் இவற்றுள் ஒன்றில் வியப்பான ஒரு மாற்றம் வெளிப்பட்டது. 19 ஆம் நிறமூர்த்தத்திலே, புரதம் எதனையும் ஆக்காது பிற அலகுகளை ஆளும் நுண்ணலகுகள் கூட்டமாக அமைந்த ஓரிடம் பன்மடங்கு பெருகியிருந்தது. அதே மாற்றம் மற்றைய இரண்டிலும் பெரும்பாலும் காணப்படவே, மூன்றும் ஒரே நோயின் மூன்று தோற்றங்கள் என்பது 2014 இல் வலியுறுத்தப்பட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளையே பெரிதும் பற்றும் இந்நோய் இன்றும் மிகக் கொடியவற்றுள் ஒன்று.

எஞ்சியிருந்தது பி.என்.ஈ.டி. என்னும் பழம்பெயர். ஹைடல்பேர்க் அறிஞர்கள் பல நாடுகளிலிருந்து, அப்பெயர் சூட்டப்பட்டிருந்த 323 கட்டிகளைத் திரட்டினர். பரம்பரைப் பொருளாகிய டீ.என்.ஏ. மீது படிந்து, எவ்வலகு திறந்திருக்கவேண்டும் எது மூடியிருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இரசாயன முத்திரைகள் உண்டு. ஒரு கலத்தின் பிறப்பிடத்தை அறிய அவை உதவுகின்றன. அம்முத்திரைகளை ஒப்பிட்டு நோக்கியபொழுது, அக்கட்டிகளுட் பாதிக்கு மேற்பட்டவை முன்னரே வேறு பெயரால் அறியப்பட்ட நோய்கள் என்பது 2016 இல் வெளியாயிற்று. எஞ்சியவற்றுள் அதுவரை எவரும் அறியாத நான்கு புதிய நோய்கள் வெளிப்பட்டன. அதே ஆண்டில் உலக சுகாதார தாபனம் வெளியிட்ட மூளைக் கட்டிகளின் பட்டியலிலிருந்து பி.என்.ஈ.டி. என்னும் பெயர் நீக்கப்பட்டது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் வழங்கிய பெயர் அது.

இப்பெயர்மாற்றம் ஏட்டோடு நின்ற ஒன்றன்று. வட அமெரிக்காவில் அப்பெயரின்கீழ் ஒரே சிகிச்சைத் திட்டத்திற் சேர்க்கப்பட்ட சிறுவர்களின் கட்டிகள் பிற்பாடு மீளச் சோதிக்கப்பட்டன. முடிவுகள் 2018 இல் வெளிவந்தன. அவர்களுட் கணிசமானோரின் நோய் முளையக் கட்டியே அன்று. தாங்கு கலங்களிலிருந்து எழும் வேறு புற்று அது. உண்மையான முளையக் கட்டி உடையோர் பலர் அச்சிகிச்சையாற் பிழைத்தனர். வேறு நோயுடையோரோ கடுமையான கதிரையும் மருந்தையும் தாங்கிய பின்னரும் பெரும்பாலும் பிழைக்கவில்லை. வைத்தியரின் கைத்திறனிலோ அன்பிலோ குறையில்லை. பெயர் பொருந்தாமையே குறை.

பரம்பரையலகுகளின் ஆராய்ச்சி இன்னுமோர் உண்மையைப் புலப்படுத்தியது. முதியோரின் புற்றுக்களில் விகாரங்கள் மலிந்து கிடக்கும். ஆண்டுக்கணக்காகப் புகையாலும் வெயிலாலும் முதுமையாலும் அவை சேர்கின்றன. மெடுலோபிளாஸ்டோமாவின் விகாரங்களோ அவற்றினும் ஐந்து முதல் பத்து மடங்கு குறைவு என 2011 இல் அறியப்பட்டது. ஐ.என்.ஐ.1 இழந்த கட்டியில் அவ்வொரு பழுதையன்றி வேறு பெரும்பழுது காண்பது அரிது. ஆகவே இவை நெடுங்காலத் தேய்வினால் வருவன அல்ல. உருவாகும் வேளையில் நேர்ந்த சில தவறுகளின் விளைவே. 2010 இல் எலிகளில் நிகழ்ந்த ஆராய்ச்சி, முள்ளெலி வகை சிறுமூளையிலும், விண்ட் வகை மூளைத்தண்டின் பின்புறத்திலும் தோன்றுவதைக் காட்டிற்று. மூன்றாம், நான்காம் வகைகள் முளையத்தின் பின்மூளை விளிம்பிலே முதிராது நின்ற கலங்களிலிருந்து எழுகின்றன என்பதற்கு 2022 இல் வலுவான சான்றுகள் கிடைத்தன. இதிலிருந்து பெற்றோர் மனம் ஆறுதற்குரிய ஒரு கருத்தும் பெறப்படும். மிகப் பல குழந்தைகளில் இத்தவறு எவருடைய உணவாலோ நடத்தையாலோ வந்ததன்று. பெற்றோரிடமிருந்து பழுதுற்ற அலகைப் பெற்றுப் பிறப்போர் சிறுபான்மையோரே. அவர்களுடைய குடும்பத்தினருக்குத் தக்க ஆலோசனை வழங்குதலும் இவ்வறிவால் இயல்வதாயிற்று.

சிகிச்சையிலும் மாற்றம் தொடங்கியுள்ளது. விண்ட் வகையினரான சிறுவருள் நூற்றுக்கு 90 இற்கு மேற்பட்டோர் இன்று பிழைக்கின்றனர். இவர்களுக்குக் கதிரின் அளவைக் குறைத்து, அறிவாற்றலைக் காக்க முடியுமா என்பது கவனமாக ஆராயப்படுகின்றது. அவசரம் இங்கே ஆகாது. வகை நோக்காது இளஞ்சிறுவர்க்குக் கதிரளவைக் குறைத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில் நோய் திரும்புதல் அதிகரித்தமை 2021 இல் அறிவிக்கப்பட்டது. முள்ளெலி வழியை அடைக்கும் விஸ்மோடெகிப் என்னும் மருந்து, 2009 இல் ஓர் இளைஞரின் உடலெங்கும் பரவிய கட்டிகளை வியக்கத்தக்க விரைவிற் கரைத்தது; ஆயின் சில திங்களில் நோய் புதியதொரு விகாரத்தோடு திரும்பிற்று. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகள் காலத்திற்கு முன்னரே மூடிக்கொள்வதும் அம்மருந்தின் தீய பயனாகக் காணப்பட்டது. சிறுமூளையை வளர்க்கும் ஏவலே எலும்பையும் வளர்க்கின்றது என்பதை எண்ணின் இதில் வியப்பில்லை.

நுணுக்குக்காட்டி இதனாற் பயனற்றுப் போய்விடவில்லை. 2021 இல் வெளிவந்த உலக சுகாதார தாபனத்தின் புதிய பட்டியல், கலத்தின் தோற்றத்தையும் பரம்பரையலகின் நிலையையும் இணைத்தே பெயரிடுகின்றது. செல்வம் மிக்க நாடுகளின் ஆய்வுகூடங்கள் டீ.என்.ஏ. முத்திரைகளை முழுமையாகப் படிக்கின்றன. அவ்வசதி இல்லாத இடங்களிலும், ஐ.என்.ஐ.1 புரதத்தைக் காட்டும் சாயம் போன்ற எளிய சோதனைகள் சாதாரண நோயியல் கூடத்திலேயே செய்யத்தக்கவை. 2018 இல் உலக சுகாதார தாபனம், 2030 இற்குள் உலகெங்கும் புற்றுநோயுற்ற சிறுவருள் நூற்றுக்கு 60 பேராவது பிழைக்கவேண்டும் என்ற இலக்கை வகுத்தது. அவ்விலக்கை அடைவதற்குச் சத்திரசிகிச்சையும் கதிரும் மருந்தும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவையானது நோயைச் சரியாக இனங்காணும் ஆற்றல். குஷிங் தமது 61 நோயாளரைப் பற்றி எழுதிய காலத்தில் அவர்கள் யாவருக்கும் ஒரு பெயரே இருந்தது. இன்று அதே நோயோடு வைத்தியசாலை வாயிலுக்கு வரும் குழந்தைக்கு, இஃது எவ்வகை என்ற வினாவே முதலில் எழுகின்றது; அக்குழந்தைக்குரிய சிகிச்சை அவ்வினாவின் விடையைப் பொறுத்தே அமைகின்றது.